உள்ளே உட்கார்ந்து தின்ற முட்டை

அப்போது நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒன்றில் வீட்டு வேலை பார்த்தேன். அந்த வீட்டு ஐயா சுரங்கத்தில் பெர்மனென்ட். என் கணவர் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட். இரண்டு வீட்டிலும் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

அவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முட்டை ஊட்டுவதும் என் வேலைதான். அந்தக் கனத்தில் என் இடுப்பு ஒரு பக்கமே இற்றுப்போகும். சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் காலனிக்குத் திரும்பி என் மகளைத் தூக்கினால், தூக்கியதே தெரியாது.

பால்வாடியில் எடை பார்த்த டீச்சர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "ஒங்க சனமே ஒல்லி வாகுதாம்மா. கவலப்படாத."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. குவார்ட்டர்ஸ் அம்மாவும் என்னைப்போல ஈர்க்குச்சிதான். அவர் பிள்ளை மட்டும் எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறதாம்?

பால்வாடி இருந்தது ஊர்த்தெருவில். அந்தத் தெருப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து சாப்பிடும். காலனிப் பிள்ளைகளுக்கு வாசலிலேயே தூக்குவாளியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். கேட்டால், பழக்கமாம். நாங்களும் அதை வசதி என்றுதான் நினைத்திருந்தோம். வீட்டுக்கு வந்தால் எல்லார் வாயிலும் கொஞ்சம் விழுமே! என் மகளின் முட்டை அண்ணன், தாத்தா என்று பங்காகி, அவளுக்கு மிஞ்சுவது வெள்ளையில் ஒரு துண்டு.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காலனிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து போய், பிள்ளைகளைத் தட்டோடு உள்ளே உட்கார வைத்தோம்.

டீச்சர் மிரண்டுபோனார். "தூக்கு எங்கம்மா?"

"ஓட்டையாப் பூட்ச்சுங்க," என்றேன். "இனிமே இங்கியே குந்திகினு சாப்புடும்."

ஊர்த்தெருப் பெண்கள் வாசலில் கூடி முணுமுணுத்தார்கள். நாங்கள் நகரவில்லை. டீச்சர் கரண்டியோடு வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து பரிமாறினார். என் மகள் முழு முட்டையையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் வாய்கொள்ளாமல் அடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்றிலிருந்து தூக்குவாளி பரணுக்குப் போனது. மழைக்காலம் முடிந்து ஒருநாள், எடை பார்க்க மகளைத் தூக்கிய டீச்சர் முனகினார். "இன்னாடி, இந்தக் கனம் கனக்கற!"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "எங்க சனமே அப்பிடித்தாங்க!"