விழத் தெரியாத கோல்கீப்பர்

கீழ்பென்னாத்தூர் இருசப்பன் மகள் கவியாவுக்கு வயது பத்தொன்பது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். பள்ளிக்கூடத்தில் அவளைக் கோல்கீப்பர் ஆக்கியதற்கு அந்த உயரம் ஒன்றுதான் காரணம். மற்றப் பெண்களுக்கெல்லாம் கோல் போடத்தான் ஆசை. வாங்கிக் கட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? இவள் தலையில் கட்டிவிட்டார்கள். இவளும் முரண்டு பிடிக்காமல் நின்றாள். நிற்க நிற்கப் பிடித்துப்போயிற்று.

கல்லூரிக்குத் திருவண்ணாமலை வந்த பிறகு ஆடியது ஊரோரத்து மைதானம் ஒன்றில். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தின் வேன்களும் பஸ்களும் அங்கேதான் நிற்கும். மறுநாள் பார்த்தால் சரளைக்கல்லோடு பாட்டில் சில்லும் சேர்ந்து கிடக்கும். பெண்கள் வரிசையாக நடந்து பொறுக்குவார்கள். எவ்வளவு பொறுக்கினாலும் நாலு மிஞ்சும். முதல் மாதமே கவியாவின் முழங்கையில் ஆறு தையல். அதன்பிறகு பந்துக்காகக் கீழே விழுவதையே விட்டுவிட்டாள். பந்தோடு வருகிறவளை நோக்கி முன்னே ஓடி, காலடியிலேயே மறித்துவிடுவாள். மாவட்டப் போட்டியில் ஐந்து ஆட்டத்துக்கு வாங்கியது இரண்டே கோல். பேப்பரில் படம்கூட வந்தது.

சென்னையில் ஒரு பெண்கள் கிளப் ஆள் எடுக்கிறது என்று தகவல் வந்ததும் இருசப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"போய்ட்டு வா. எடுத்தா ஆடு. எடுக்கலன்னா பந்த மூட்ட கட்டி வச்சுட்டு, வேங்கிக்கால்ல போலீஸ் பரீட்சைக்கு கோச்சிங் சேந்துடணும். சரியா?"

"சரிப்பா." வேறென்ன சொல்ல முடியும்?

சென்னை மைதானத்தில் பச்சைப்பசேல் என்று புல். பந்தோடு தனியாக ஓடிவந்தவர்களில் முக்கால்வாசிப் பேரை மறித்துவிட்டாள். அப்புறம் தூரத்திலிருந்து மூலைக்கு அடித்தார்கள். பாய்ந்து விழுந்தால்தான் தடுக்கலாம். ஒவ்வொரு பந்துக்கும் அவள் கண் ஒரு நொடி தரைக்குப் போய்த் திரும்பியது. அதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. எட்டுப் பந்து, எட்டும் கோல்.

"கீழ என்னம்மா தேடுற?" என்றார் தேர்வு செய்ய வந்திருந்த தமிழ்செல்வி மேடம்.

"கண்ணாடிச் சில்லு, மேடம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, பட்டியலில் சேர்க்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் இன்னொரு தேர்வு இருக்கிறது, விழக் கற்றுக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் வழிநெடுக அழுதாள். வீட்டில் எதையும் மறைக்கவில்லை.

"எடுக்கலப்பா. எனக்கு விழத் தெரியல."

"விழறதுல தெரியறதுக்கு என்னா இருக்குது?"

மைதானத்துக் கதை முழுவதையும் சொன்னாள். அந்த ஆறு தையலை, கல்லூரிப் படிக்கட்டில் வழுக்கியது என்றே அதுவரை சொல்லி வைத்திருந்தாள். அம்மா ஆதிலட்சுமி திட்டித் தீர்த்தாள். இருசப்பன் முழங்கைத் தழும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்பாவின் பேச்சு பேச்சுதான் என்று கவியா பந்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, கோச்சிங் விண்ணப்பத்தை நிரப்பி வைத்தாள்.

நான்காம் நாள் காலையில் அப்பா அவளை நிலத்துக்குக் கூப்பிட்டார், பந்தையும் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி. மல்லாட்டைக்காக, அதாவது நிலக்கடலைக்காக, உழுத நிலம். மற்ற இடமெல்லாம் விதைத்தாகிவிட்டது. வரப்போரம் ஒரு துண்டு மட்டும் புழுதியாகக் கிடந்தது. அதில் இரண்டு மூங்கில் கழி நட்டிருந்தது.

"இங்க மல்லாட்ட போடல. ரெண்டு மாசம் நல்லா விழுந்து பழகு" என்று கையாலேயே பந்தை மூலைக்கு வீசினார்.

கவியாவின் கண் பழக்கதோஷத்தில் தரைக்குப் போனது. பந்து கழியைத் தாண்டி உருண்டது.

இருசப்பனுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "மண்ண ஏன் பாக்குற? மூணு நாளா நானும் உங்கம்மாவும் குந்திக்கினு பொறுக்கியிருக்கோம். ஒரு கல்லு இருந்தா என்ன கேளு!"

கவியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்க நேரமில்லை. அவள் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்த பந்தை அப்பா மறுபடி வீசிவிட்டார். விழுந்தாள்.