பென்டிரைவைப் பிடுங்கிக் கொடுத்த நாள்

நேற்று லினக்ஸ் மடிக்கணினியிலிருந்து பிள்ளைகளின் படங்களைப் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ‘எழுதி முடியவில்லை, எடுக்காதீர்கள்’ என்று திரையில் ஒரு வரி வந்தது. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். “என்ன, தேளு கெடக்கா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார். தேளுக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

சாயல்குடியில் செல்வராணி அக்காவின் போட்டோ ஸ்டூடியோவில்தான் எனக்கு முதல் வேலை. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பதிந்து கொடுக்க வேண்டும். வருகிற பென்டிரைவெல்லாம் வைரஸோடு வந்ததால், அக்கா இரண்டு கணினியிலும் வைரஸ் எளிதில் ஒட்டாத லினக்ஸ் போட்டிருந்தார். பென்டிரைவைச் செருகினால் அதன் படம் திரையில் வரும். அதைத் தட்டி ‘மவுண்ட்’ செய்த பிறகே உள்ளே போகலாம். எடுக்கும்முன் ‘எஜெக்ட்’ கொடுக்க வேண்டும். முதலாவதை ஒழுங்காகச் செய்வேன். இரண்டாவது என் அவசரத்துக்குச் சரிப்படாது.

ஒருநாள் மத்தியானம் காளீஸ்வரி வந்தாள். அபிராமத்துப் பக்கம் மிளகாய் பயிரிடும் சம்சாரியின் மகள். சாயல்குடிக்கு வாக்கப்பட்டு இருபது நாள்தான். புருஷன் முருகேசன் அன்று சாயங்காலம் ராமநாதபுரத்தில் ரயிலேறி, சென்னை வழியாகத் துபாய் போகிறான். போன இடத்தில் பார்க்க அவனுக்குக் கல்யாண வீடியோ வேண்டும்.

“அக்கா, பஸ்ஸு வந்துருச்சு!” என்றாள். வீடியோ பென்டிரைவில் ஏறி, திரையில் நூறு சதவீதம் காட்டியது. பிடுங்கிக் கொடுத்துவிட்டேன்.

பஸ் போன பிறகு செல்வராணி அக்கா கேட்டார்: “எஜெக்ட் குடுத்தியாடி?”

“நூறு வந்துருச்சேக்கா.”

“கம்ப்யூட்டரு அப்படித்தான் காட்டும். மிச்சத்த மெதுவாத்தான் பென்டிரைவுல எழுதும். லைட்டு மின்னுச்சா?”

மின்னிக்கொண்டுதான் இருந்தது. போன் நம்பர்கூட வாங்கி வைக்காத புத்திசாலி நான். இன்னொரு பென்டிரைவில் பதிந்து, எஜெக்ட் கொடுத்து, ‘இப்போது எடுக்கலாம்’ என்று வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். கை காட்டிய இடத்திலெல்லாம் அது நின்று நின்று போயிற்று.

ஸ்டேஷனில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். காளீஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்லிப் பென்டிரைவை நீட்டினேன்.

“அங்கன போயி தொறந்து பாத்தா ஒண்ணும் இருந்திருக்காதா?” என்றான் முருகேசன்.

“நமக்குக் கல்யாணமே ஆகலன்னு நெனச்சிருப்பீக” என்றாள் காளீஸ்வரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மூவரும் சிரித்துவிட்டோம்.

திரும்பும்போது பஸ்ஸில் காளீஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஊர் நெருங்கியபோது, “எனக்கும் ஒண்ணு பதிஞ்சு தாரீகளாக்கா?” என்றாள். அவள் வீட்டில் கணினி இல்லை. அதனால் சனிக்கிழமை தோறும் ஸ்டூடியோவுக்கே வந்து பார்ப்பாள். கல்யாண மாலை அவள் காதுத் தோட்டில் சிக்கி முருகேசன் முழிக்கிற இடத்தை மட்டும் மூன்று தடவை போடச் சொல்வாள். எஜெக்ட் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பிப்போம். எடுக்கலாம் என்று திரை சொல்லி வெகுநேரம் ஆகியிருக்கும், பேச்சு ஓயாது.

முருகேசன் ஊர் திரும்பி வருஷங்களாகிவிட்டன. இருவருமாக மிளகாய் போடுகிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். ஸ்டூடியோ இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். மகள் ஆடுகிற வீடியோவைக் காளீஸ்வரி எனக்குப் போனில் அனுப்புவாள், நொடியில் வந்துவிடும். நானும் ஓர் இதயப் படத்தைத் தட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவேன். அவள் குரலைக் கேட்டு நான்கு மாதமாகிறது.