அம்மாவின் முதுகில் தேடிய தையல்

டாக்டரம்மா என் அம்மாவின் கிட்னியைத் திருடிவிட்டார் என்று தாய்மாமா சொன்னபோது நான் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாமா ஜீப் ஓட்டுபவர். காலையில் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிவருவார். மலைக்கு மேலே நடப்பதும் கீழே நடப்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

அம்மாவும் அந்த ஜீப்பில் போய் ஏலக்காய் எடுத்தவள்தான். நிற்காத உதிரப்போக்கால் வெளுத்துப்போயிருந்தாள். என்னிடம் "வயித்துல கட்டி" என்று மட்டும் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுக்கப் போடியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டரம்மா சிரித்தபடி வெளியே வந்தார்.

மறுநாள் அந்தச் சிரிப்பு இல்லை. அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. கைகளில் ஊதாப் புள்ளிகள். கட்டிலோரம் தொங்கிய பையில் கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சமே கொஞ்சம் சிறுநீர். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார். முடிவைப் பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்தார். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ போனில் பேசினார். கதவைச் சாத்தியதுதான் மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"உடனே மதுரைக்குக் கொண்டுபோகணும். ஆம்புலன்சுல நானும் வர்றேன்" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு இம்புட்டு வெரசாத் தள்ளிவிடுறீக? நல்லா இருந்த கிட்னி உள்ள போயிட்டு வந்ததும் எப்பிடிக் கெடும்?"

மாமா கேட்டுக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா அம்மாவை ஆம்புலன்சில் ஏற்றினார். ஆம்புலன்சின் பின்னால் ஜீப்பை விரட்டிக்கொண்டே, திருடியவர்கள் கூடவேதான் வருவார்கள் என்று மாமா எனக்கு விளக்கினார்.

மதுரையில் பெரிய டாக்டர் அப்பாவை உட்காரவைத்துப் பேசினார். "ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட வராது. ரத்தம் பொடிப்பொடியா உறைஞ்சு கிட்னியோட நுண்ணிய குழாய்கள அடைச்சிருக்கு. அதுல மோதி சிவப்பணுக்கள் உடையுது. ஆபரேஷன் இதத் தூண்டிவிட்டிருக்கலாம். ஆனா யாரும் தப்பாச் செய்யல. சீக்கிரம் கொண்டுவந்தீங்க, அது நல்லது."

ஸ்கேனில் இரண்டு கிட்னியும் தெரிந்தன.

"ஸ்கேன் எடுத்தவகளும் அவுக ஆளுகதான?" என்றார் மாமா.

நான் மாமாவைத்தான் நம்பினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது அம்மாவின் ரத்தம் குழாயில் ஏறி ஒரு மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருப்பதையும் எடுக்கிறார்கள் என்றே நினைத்தேன். போடியிலிருந்து டாக்டரம்மா அடிக்கடி வந்து அந்தக் கதவருகே நிற்பார். ஒருநாள் என்னிடம் பிஸ்கட் நீட்டினார். வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அம்மாவை வார்டுக்கு மாற்றியதும் என் முதல் வேலை, அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது நைட்டியின் முதுகு ஜிப்பை இறக்கிப் பார்த்ததுதான்.

"என்னத்தா தேடுற?"

"கிட்னி எடுத்த தையலு."

அம்மா தன் வயிற்றுத் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, வலிக்குது, சிரிப்புக் காட்டாத." முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. மாயமாக எடுத்திருப்பார்கள் என்று முடிவுகட்டினேன்.

அன்று மாலையே டாக்டரம்மா வந்தார். "இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னு சொல்லிட்டாங்கம்மா. கிட்னி தானா வேலை செய்ய..." என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். அம்மா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா என் பக்கம் குனிந்தார். "பாத்தியா, மாட்டிக்கிட்டாக."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வகுப்பில் மாட்டிக்கொண்டவர்கள்தான் அழுவார்கள். ஒரு தப்பும் செய்யாதவர்கூட அத்தனை நாள் பயந்துகொண்டிருக்க முடியும் என்பதும், அந்தப் பயம் விலகும்போது இப்படி அழுவார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.