வீ என்றால் எவ்வளவு?

கிளாஸ்கோவுக்கு வந்த புதிதில் ஒரு காலையில் பக்கத்து வீட்டு மோய்ரா கதவைத் தட்டி, "ஒரு வீ நடை போகலாமா?" என்று கூப்பிட்டாள். விழுப்புரத்தில் கல்லூரி முடித்தவள் நான். ஸ்மால், லிட்டில், டைனி எல்லாம் படித்திருந்தேன். இந்த வீ எந்தப் பாடத்திலும் வரவில்லை. "சின்னதுன்னு அர்த்தம்" என்றார் என் கணவர். நம்பிச் செருப்போடு போனேன். மோய்ரா என்னை ஒரு மலைமேல் ஏற்றிவிட்டாள். பிறகொரு நாள், "என் வீ பையன்" என்று அவள் கூட்டிவந்த மகன் எங்கள் வாசலில் தலை குனிந்துதான் நுழைந்தான். இந்த ஊரில் வீ என்றால் பெரியது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதனால்தான், பிரசவ நாள் நெருங்கியபோது டாக்டர், குழந்தை தலை திரும்பவில்லை, "ஒரு வீ ஆபரேஷன்" செய்யவேண்டும் என்றதும் நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"சின்னதுன்னுதானே சொல்றாரு" என்றார் கணவர்.

"மோய்ரா பையனும் சின்னவன்தான்" என்றேன்.

மறுநாள் திண்டிவனத்துக்கு டிரங்க் கால் போட்டோம். மளிகைக்கடை போனில் அக்கா வந்தாள்.

"டாக்டரு இன்னாடி சொல்றாரு?"

"சின்ன ஆபரேஷனாம்க்கா. இவங்க சின்னதுன்னா பெருசு."

"அம்மாவ விழுப்புரத்துக்கு இட்டுக்கினு போனமே, அந்த டாக்டரு இன்னா சொன்னாரு?"

"கொஞ்சம் வயித்தத் தொறந்து பாக்கணும்னாரு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வயிற்றைக் கொஞ்சமாக எப்படித் திறப்பது? அன்று யாரும் கேட்கவில்லை. அம்மாவும் டிரங்குப் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுப்பதுபோலத் தலையாட்டினாள். கட்டியை எடுத்தார்கள், மாதக்கணக்கில் படுத்து எழுந்தாள். "கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டால் நாமும் முழுசாகத்தானே போகிறோம்?

"பயப்படாதன்னு சொல்றாருடி, அவ்ளோதான்" என்றாள் அக்கா. லைன் அறுந்தது.

ஆபரேஷன் பெரியதுதான். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மோய்ரா ஒரு வீ சூப் கொண்டுவந்தாள். கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு இருந்தது பாத்திரம். அதன் மூடியைத் திறந்தபோது, ஊரைவிட்டு வந்தபின் முதல்முறையாக, கவனிக்க ஆள் இருக்கிறது என்று தோன்றி அழுதேன்.

மகள் பேச ஆரம்பித்த பிறகு ஊருக்கு வந்தோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைக் காட்டி அவள் "வீ பிட், மம்மி" என்றாள்.

"பாப்பா இன்னா கேக்குதுங்க?" என்றார் விற்றவர்.

"கொஞ்சம் மல்லாட்டை கேக்குறா. உப்பு கம்மியா குடுங்க."

பொட்டலம் கட்டிக்கொண்டே விமானத்தில் குளிருக்குப் போட்ட என் கோட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாவே தமிழ் பேசறீங்கம்மா" என்றார் மரியாதையாக.

அந்த பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் பிறந்தவள் நான். சொல்ல வாயெடுத்தேன். மகள் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் வரும்ங்க" என்றேன்.