அடையாள அட்டை இல்லாத அம்மன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருடம் தயங்கிவிட்டேன். அம்மன் மன்னிக்கட்டும்.

அவர் மலேசியாவில், கோலா சிலாங்கூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்குரூடிரைவர். எங்கள் எஸ்டேட் கோயிலுக்கு இணையப் பக்கம் அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதைத் திறக்குமுன் கை கழுவிவிட்டு வருவார்.

கோயில் நிர்வாகம் இரண்டாகப் பிரிந்தபோது, இணையத்தில் பதிந்த கோயில் பெயர் தங்களுக்கே வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டன. எங்கள் தரப்புக்காக நான் போனேன்.

“சாமி பேர உங்க பேர்ல பதிஞ்சு வெச்சிருக்கீங்களாமே?”

“அம்மன் பேர்லதான் பதியப் போனேண்ணே. ஐ.சி., அதான் அடையாள அட்டை, நம்பர் கேக்குது. அம்மாவுக்கு ஏதுலா ஐ.சி.? என் நம்பரப் போட்டேன்.” சிரித்தார். “ரெண்டு தரப்பும் ஒண்ணா வந்து, யார் பேர்ல மாத்தணும்னு சொல்லுங்க. அன்னைக்கே மாத்திக் குடுத்துடறேன்.”

கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். “தர மாட்டேங்கிறாரு” என்று மட்டும் சொன்னேன்.

சாமி பெயரைத் திருடியவர் என்று பேச்சு பரவியது. அன்னதானத்தில் அவருக்குப் பக்கத்து இலையில் யாரும் உட்காரவில்லை. நானும்தான். ஒருநாள் கடையைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை.

கோயில் பக்கம் இன்றும் திறக்கிறது. ஒவ்வொரு வருடமும் திருவிழாத் தேதியை யாரோ சரியாக மாற்றி வைக்கிறார்கள். இரு தரப்பிலும் அதைச் செய்யத் தெரிந்தவர் இல்லை.

அவர் சொன்னதை நான் பாதியாக்கினேன். நீங்களாவது நாலு பேரிடம் முழுதாகச் சொல்லுங்கள்.