வோல்கா கரையில் ஒரு கல்யாணப் பத்திரிகை

ரஷ்யாவில், மகள் படிக்கும் கசான் நகரத்தில் போய் இறங்கிய அன்றே அச்சகக்காரரின் வாட்ஸ்அப் வந்துவிட்டது. மகனின் கல்யாணப் பத்திரிகைக்கான புரூஃப். முகூர்த்தம் ஆவணியில். ஆடி பிறப்பதற்குள் பத்திரிகையை அடித்து, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன்னால் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று நாளைக்குள் ஓகே சொன்னால்தான் முடியும் என்று அவர் எழுதியிருந்தார்.

அந்தப் புரூஃபில் என் மகளின் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தது. சித்திரையிலேயே எழுதிக் கொடுத்தவள் நான்தான். அவள் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், டாக்டராக இன்னும் எத்தனையோ பரீட்சை இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் யார் பெயரும் வெறுமனே நிற்காது. பின்னால் ஒரு பி.இ.யாவது தொங்க வேண்டும். அவள் ரஷ்யாவுக்கு விமானம் ஏறிய மறுமாதமே, கொழுந்தனார் வீட்டுக் கிரகப்பிரவேச ஃபிளெக்ஸில் 'டாக்டர்' போட வைத்தவள் நான். பீளமேட்டில் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், இந்த ஒரு கணக்கில் மட்டும் விடையை முதலில் எழுதிவிட்டேன்.

வைகாசியில் பல்லடத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த அம்மாளின் மகனும் என் மகள் படிக்கும் கல்லூரியில்தான் படிக்கிறான். உங்கள் பெண் தை மாசத்திலிருந்தே வகுப்புக்கு வருவதில்லையாமே, உடம்புக்கு ஏதாவதா என்று அந்த அம்மாள் வெகு அக்கறையாகக் கேட்டாள். ஆமாம், உடம்புக்குத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. பம்புசெட் பட்டறையே உலகம் என்று இருக்கும் மனுஷன், போன வருஷம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மகளிடம் போனிலும் கேட்கவில்லை. போனில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. அதனால்தான் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வாரம் மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அவளைத் தனியாகப் பிடித்து உண்மையை வாங்க வேண்டும். அதை அவள் வாயாலேயே அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வைக்க வேண்டும். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் இது நடந்தாக வேண்டும். ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு விஷயம் வெளியே வந்தால் அவர் தாங்குவாரா என்பதுதான் என் கவலை.

மகள் விமான நிலையத்திலேயே திட்டத்தோடு நின்றாள். முதல் நாள் கசான் கோட்டை, இரண்டாம் நாள் ஸ்வியாழ்ஸ்க், மூன்றாம் நாள் போல்கர். தாத்தாரியர் என்கிற அந்தப் பக்கத்து முஸ்லிம்களின் ஊரும் ரஷ்யர் ஊருமாக எல்லாம் பழைய ஊர்கள். உன் காலேஜ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். லீவு, பூட்டியிருக்கும் என்றாள். பூட்டிய கேட்டை நாங்கள் போய் என்ன பார்க்கப் போகிறோம் என்று அவரும் ஒத்து ஊதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டை மதில் வெள்ளைவெளேரென்று இருந்தது. உள்ளே நீலக் கூம்புகளோடு மசூதி, நாலு எட்டு வைத்தால் மாதா கோயில். மகள் ஒவ்வொன்றையும் விரல் நீட்டி விளக்கினாள். டிக்கெட் கொடுத்த அம்மாவிடம் ரஷ்ய மொழியில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். மருந்துப் பெயர்கள் படிக்க வேண்டிய வாய்க்கு இவ்வளவு கதை எப்படி வந்தது என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். தனியாக இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. அவள் அப்பாவின் கையை விடவே இல்லை.

சாயங்காலம் அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரூஃபைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். தாய்மாமன் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது, மாற்றச் சொல்ல வேண்டும் என்றார். மகள் பெயரின் மேல் அவர் விரல் ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்தேன். பெருமையில் பார்க்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்வியாழ்ஸ்க் தண்ணீருக்கு நடுவில் உள்ள சின்ன ஊர். முழுக்க மாதா கோயில்களும் மரவீடுகளும். கசானைப் பிடிப்பதற்காக ரஷ்ய மன்னன் கட்டிய கோட்டை அது என்று மகள் சொன்னாள். தூரத்துக் காட்டில் யாருக்கும் தெரியாமல் கட்டி, மரத்துக்கு மரம் அடையாளம் போட்டுப் பிரித்து, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து சில வாரங்களில் நிறுத்திவிட்டார்களாம். அவர் வாயைப் பிளந்து கேட்டார். யாருக்கும் தெரியாமல் செய்கிற வித்தையை இவளும் நன்றாகத்தான் படித்திருக்கிறாள் என்று எனக்குக் கோபம் பொங்கியது. அவள் என் பக்கம் திரும்பி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்ததும், காற்று குளிருதுங்களாம்மா என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அவர் குலதெய்வத்தின் பெயர் நடுவில் இல்லை என்று இன்னொரு திருத்தம் அனுப்பினார். அவர் குறை கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்கு நிம்மதிதான். இன்னும் ஒரு நாள் கிடைத்தது.

மூன்றாம் நாள் போல்கருக்குப் படகு. வோல்காவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பாதி வழியில் அச்சகக்காரர் கூப்பிட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் ஆடிக்கு முன்னால் அடிக்க முடியாது என்றார். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்வதாக இவர் மழுப்பினார். மகள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

போல்கரில் இடிந்த மசூதிச் சுவரும், மன்னர்களின் கல்லறைக் கட்டடங்களும், புல்லுமாகப் பரந்து கிடந்தன. ஆற்றுப் பக்கம் வந்ததும் அவர் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மெதுவாக நடந்துபோனார். மூன்று நாளில் முதல்முறையாக நாங்கள் இரண்டு பேர் மட்டும். இனிமேல் பொறுக்கக் கூடாது என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ காலேஜுக்குப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும் அம்மணி. ரெண்டு மாசமாத் தெரியும். எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்பா வந்ததும் அவருகிட்டச் சொல்லிப்போடு. மெதுவாச் சொல்லு, அவரு நெஞ்சு தாங்காது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வீட்டுப்பாடம் கொண்டுவராத பிள்ளை என் மேஜை முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்குத் தெரியுங்கம்மா. பொங்கலுக்கே சொல்லிப்போட்டேன்."

பிணத்தை அறுக்கும் அறையில் இரண்டு முறை மயங்கி விழுந்ததையும், பரீட்சைகள் போனதையும், ரஷ்ய மொழிப் படிப்புக்கு மாறியதையும், அதற்கு அப்பா சம்மதம் எழுதிக் கொடுத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்டச் சொல்லத்தானுங்கம்மா மூணு நாளா ஊர் ஊராக் கூட்டிட்டுச் சுத்தறேன். ஒவ்வொரு ஊர்லயும் இங்க சொல்லிப்போடலாம்னு நெனப்பேன். உங்க மொகத்தப் பாத்தா வாயே வரலைங்க."

அவர் டீ வாங்கப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் பெயரும் குலதெய்வமும் மகள் என்னிடம் சொல்லும்வரை நாள் கடத்தத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து வந்தவர், "நீ எழுதிக் குடுத்த வார்த்தைய உன்னைக் கேக்காம நான் எப்படி எடுக்கறது?" என்றார்.

முதலில் வந்தது கோபம்தான். ஆறு மாசமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடுதான் திரும்புகிற படகில் ஏறினேன். அவருடைய நெஞ்சு தாங்காது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பொத்தி வைத்திருந்தது என் வாய்க்குப் பயந்து. ஆறு பின்னால் போகப் போகக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

கசான் நெருங்கும்போது மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டிய சீர். அது முடியாமல் தாலி கட்ட முடியாது.

"இணைச்சீருக்கு நான் வரட்டுங்களாம்மா?" என்று கேட்டாள்.

பெற்ற பெண் தன் அண்ணன் கல்யாணத்துக்கு வரலாமா என்று கேட்கிற மாதிரி நான் இருந்திருக்கிறேன். அவர் கையிலிருந்த போனை வாங்கி அச்சகக்காரரைக் கூப்பிட்டேன். அந்த டாக்டரை எடுத்துவிடுங்கள் என்றேன். அவள் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கக் கூடாது, எல்லார் பெயரிலும் இருக்கிற பட்டத்தை எடுத்துவிடுங்கள், என் எம்.எஸ்ஸி., பி.எட்.டையும் சேர்த்து என்றேன். மாப்பிள்ளைக்குமா என்று அச்சகக்காரர் இரண்டு தடவை கேட்டார். அவனுக்கும்தான் என்று சொல்லி போனை வைத்தேன்.

பிறகு மகள் பக்கம் திரும்பினேன். "வரட்டுமான்னு என்ன கேள்வி அது? நீ வராம எவ வந்து உக்காருவா?"

சொன்னதெல்லாம் அதட்டலாகத்தான் வந்தது. அவள் தோள் சட்டென்று ஒடுங்கியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன்.