கால் வைத்த தடித்த எழுத்து

பிள்ளைகளே, கைபேசியில் எழுத்துகளை மாற்றி மாற்றி விளையாடும்போது, முனையில் கால் வைத்த அந்தத் தடித்த எழுத்து வந்தால், "அப்பா, இது செத்தவீட்டு எழுத்து" என்று சிரிக்கிறீர்கள். அந்த எழுத்தால் எனக்கு ஒருமுறை வேலை போகப் பார்த்தது.

அதன் உருவத்தை முதலில் சொல்கிறேன். கோடு ஓரிடத்தில் நன்றாகத் தடித்திருக்கும், வளைகிற இடத்தில் மெலியும். முனைகளில் சின்னச் சின்னப் பாதங்கள். அதனால் ஒவ்வோர் எழுத்தும் சரியாமல் ஊன்றி நிற்பதுபோலத் தெரியும். மதிலில் ஒட்டினால் சைக்கிளில் போகிறவர் இறங்காமலே வாசித்துவிடுவார். நல்லூரில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த அச்சகத்தில் மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் அடிப்போம்.

மூத்தவள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்த நேரம் அது. குருநகரிலிருந்து கடற்றொழில் செய்கிற ஒருவர் மகளின் கலியாண அழைப்புக் காட் அடிக்க வந்தார்.

"தம்பி, எனக்குக் கண் மட்டு. கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடியதாய்ப் பெரிசாய் அடியும்."

வாசிக்க இலகுவானது என்று நான் அந்த எழுத்தையே போட்டேன், கறுப்பு மையில், சுற்றிவரக் கோடு கட்டி. அடுத்தநாள் அவருடைய மனைவி பிழை பார்க்க வந்தார். நான் வாசிக்க வாசிக்க, சொந்தக்காரரின் பெயர்களை அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு மாமாவின் பெயர் விடுபட்டாலும் கலியாணவீட்டில் சண்டை வரும் அல்லவா? பெயர்கள் எல்லாம் சரி. காட்டின் தோற்றத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அடித்து முடித்துவிட்டேன்.

அடித்த காட்களை எடுக்க இருவரும் வந்தார்கள். அவர் ஒரு காட்டை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, என்ரை மகளுக்குக் கலியாணமோ, அடக்கமோ?"

மனைவி சிலுவை போட்டுக்கொண்டார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "உனக்குக் கண் எங்கை இருந்தது? நாளையிலை இருந்து வராதை!"

எனக்குக் காது சுட்டது. வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

பெண்ணின் அப்பா கையிலிருந்த காட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முதலாளி, பெரிசாய் அடி எண்டவன் நான். பாத்துச் சரி எண்டவள் இவள். உவனை நிப்பாட்டினால் எங்களையுமெல்லோ நிப்பாட்டோணும்."

"என்னை ஏன் இழுக்கிறியள்? நான் மாமாவின்ரை பேரைத்தான் பாத்தனான்!" என்றார் மனைவி.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, திரும்ப அடி. உந்த எழுத்தை மட்டும் இனித் தொடாதை."

"தொடட்டும், தொடட்டும். உது நல்லா நிக்குது. என்ரை வள்ளத்துக்குப் பேர் எழுத உதுதான் வேணும். கடலிலை தூரத்திலை இருந்தே தெரியும்."

அந்த வேலையில்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். பிறகு அதே எழுத்தை வாசிகசாலைப் பலகைக்கும், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிப் பதாகைக்கும் போட்டேன். ஒருவரும் அடக்கம் என்று சொல்லவில்லை. எழுத்தில் துக்கம் இல்லை, நாங்கள்தான் அதைத் துக்கத்துக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்காகப் பேசிய அவருக்கு நன்றி என்று அன்று வாய்விட்டுச் சொன்னேனா, தெரியாது.

அவருடைய மகளின் கலியாணத்தன்று எல்லாரும் வேதக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் மட்டையில் வெட்டிய எழுத்துகளையும் பெயின்ற் ரின்னையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போய், வள்ளத்தில் பெயரை எழுதினேன். கடைசி எழுத்தின் பாதத்தில் பெயின்ற் கொஞ்சம் வழிந்தது. போட்டிருந்த சேட்டின் நுனியால் அதைத் துடைத்துவிட்டேன்.